புகையடுப்புக்குச் சுற்றிய போர்வை

ஹால்வெர் ஊரில் வெர்லின் ஸ்டென்ருட்டின் சமையலறைக் கதவோரம் ஒரு பலகை அடித்திருக்கும். அதில் பதினொரு ஆணி. நவம்பர் பிறந்துவிட்டால் பதினொன்றிலும் சாவி தொங்கும். மினசோட்டாக் குளிருக்குப் பயந்து அரிசோனா, டெக்சாஸ் என்று ஓடிவிடுகிற பெரியவர்கள், ஏப்ரல் வரைக்கும் தங்கள் வீட்டை வெர்லின் கையில்தான் விட்டுப் போவார்கள். வாரத்துக்கு இரண்டு தடவை ஒவ்வொரு வீடாகப் போய், உள்ளே வெதுவெதுப்பு இருக்கிறதா, கொதிகலன் ஓடுகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பது அவன் பொறுப்பு. கூலி கொடுக்கிறேன் என்று யாராவது வாயெடுத்தால் அவனுக்கு முகம் சுண்டிப்போகும்.

முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ்களுக்கு அடியில் மல்லாந்து படுத்தே காலம் தள்ளிய மனிதன். பேச்சு அதிகம் கிடையாது. சர்ச்சில் கடைசி வரிசை. படிப்பு, பதவி என்று பெருமையடிக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பலகையை யாராவது விருந்தாளி உற்றுப் பார்த்தால், "ஒண்ணுமில்ல, ஊர்க்காரங்க சாவி" என்று சொல்லிவிட்டு, அவர்கள் இன்னும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பான். மனிதனுக்கு ஒரு பெருமையாவது வேண்டாமா?

அவனுக்கு வாய்த்த அவமானமும் ஒன்று இருந்தது. அது கறியைப் புகையிலேயே மணிக்கணக்கில் வேகவைக்கிற அவனுடைய புகையடுப்பு.

பழைய எண்ணெய்த் தொட்டியை நீளவாக்கில் வெட்டி, கீல் வைத்து, ஒரு பக்கம் விறகுப் பெட்டியும் மறு பக்கம் புகைபோக்கியும் பற்றவைத்து அவனே செய்தது. கோடையில் அதில் பன்றித் தோள்கறி வைத்தானென்றால் எலும்பு தானாகக் கழன்று வரும். அந்தத் தைரியத்தில்தான், ஊர்த் தீயணைப்புப் படைக்காரர்கள் ஜனவரிக் கடைசி சனிக்கிழமை உறைந்த ஏரியில் நடத்துகிற மீன்பிடிப் போட்டிக்குக் கறி தன் பொறுப்பு என்று ஏற்றுக்கொண்டான். முதல் வருஷம் குளிர், ஃபாரன்ஹீட் கணக்கில் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு. தொட்டித் தகரம் உள்ளே எரிகிற சூட்டையெல்லாம் வெளியே காற்றுக்குத் தாரை வார்த்தது. மூன்று மணிக்குக் கறியை அறுத்தால் நடுவில் வேகாமல் ரத்தம். ஊரே வரிசையில் தட்டோடு நின்று, கடைசியில் டப்பா பீன்ஸும் ரொட்டியும் தின்றுவிட்டுப் போனது.

அடுத்த வருஷம் தகரத்தின் மேல் ஒரு பஞ்சு ரஜாயைச் சுற்றினான். அது மனைவி டார்லீனுக்கு அவள் அம்மா தைத்துக் கொடுத்தது. பத்தரை மணிக்கு அது பற்றிக்கொண்டது. தீயணைப்பு வண்டி இருபதடி தூரத்தில் நின்றதால் அணைக்கச் சிரமம் இருக்கவில்லை. அன்றைக்கும் பீன்ஸ்தான்.

அதிலிருந்து டுவெய்ன் அவனை விடவே இல்லை. டுவெய்னும் அவனும் ஒன்றாம் வகுப்பிலிருந்து கூட்டாளிகள். காலை காப்பிக்கு தானியக் கிடங்கு ஆபீசில் ஏழெட்டுப் பேர் கூடினால், டுவெய்ன் வாயில் முதலில் வருவது அதுதான்.

"ஏண்டா வெர்லின், கறி வெந்துருச்சா?"

"சும்மா இருடா."

"இல்ல, இந்த வருஷம் என்னத்த எரிக்கப் போற? சோபாவையா? டார்லீன்கிட்ட கேட்டுக்க, அப்புறம் தரையில உக்காரணும்."

எல்லாரும் சிரிப்பார்கள். வெர்லினும் சிரிப்பான். வீட்டுக்கு வந்து டார்லீனிடம், "இந்த வருஷம் நான் யாருன்னு காட்டறேன் பாரு" என்பான். ரஜாய் எரிந்த நாளிலிருந்து அந்தப் பேச்சு வந்தாலே அவள் பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாக அடுக்குவாள்.

மூன்றாம் வருஷம் நவம்பரிலேயே திட்டம் போட்டான். காற்று வருகிற பக்கம் ஒட்டுப்பலகைத் தடுப்பு. தகரத்தை ஒட்டி, தீப்பொறி பட்டாலும் எரியாத வெல்டிங் போர்வை. அதன் மேல் தடிமனாக இன்னொரு சுற்று. விறகுப் பெட்டிக்கும் புகைபோக்கிக்கும் காற்று நுழைகிற ஓட்டைக்கும் மட்டும் மூடல் கூடாது. அங்கே அடைத்தால் புகை உள்ளேயே புழுங்கிக் கறி கசந்துவிடும். கணக்கெல்லாம் சரி. அந்த இன்னொரு சுற்றுக்குத்தான் வழியில்லை. கடையில் கேட்டால் வரவழைக்க இரண்டு வாரம் என்றார்கள். அவன் கேட்டதே போட்டிக்கு நாலு நாள் முன்னால். வெள்ளிக்கிழமை மத்தியானம் ரேடியோவில் மறுநாள் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று என்றார்கள்.

அந்தக் கவலையோடுதான் சாவிகளை எடுத்துக்கொண்டு சுற்றுக்குக் கிளம்பினான். நான்காவது வீடு ஆர்லிஸ் பிரெக்கெயினுடையது.

ஆர்லிஸுக்கு எழுபத்தொன்பது வயது. புருஷன் ஓர்வில் பீட்ரூட் சர்க்கரை ஆலையில் கொதிகலன் பார்த்தவர். போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. வீடு முழுக்கச் சுடுதண்ணீர்க் குழாய் ஓட்டித்தான் சூடாக்கி வைத்திருந்தார். அதனால் வேறு சில வீடுகளைப் போலத் தண்ணீரை மூடிவிட்டு ஊருக்குப் போக முடியாது. தரைக்கு அடியில் ஆள் தவழ்ந்து போகிற உயரத்துக்கு ஒரு பொந்து உண்டு. அங்கே வடக்குச் சுவரோரம் தண்ணீர்க் குழாய் மண்ணிலிருந்து மேலேறும். அந்த இடத்துக்காகவே ஓர்வில் ஆலையிலிருந்து ஒரு போர்வை கொண்டுவந்திருந்தார். நீராவிக் குழாய்க்குச் சுற்றுகிறது. ஒரு பக்கம் வெள்ளித் தகடு, உள்ளே நான்கு விரல் கனத்துக்குக் கல்லை உருக்கித் திரித்த கல்பஞ்சு. தீக்கும் அசையாது, பனிக்கும் அசையாது. அக்டோபர் தவறாமல் ஆர்லிஸ் அதைத் தன் கையாலேயே குழாயைச் சுற்றி, துணிக்கொடிக் கயிற்றால் கட்டிவிட்டுத்தான் விமானம் ஏறுவார். "நான் கட்டித் தரேன், இந்த வயசுல ஏன் தவழறீங்க" என்று வெர்லின் ஒரு தடவை சொன்னதற்கு, "எனக்குக் கை இல்லையா?" என்று கேட்டவர்.

வெர்லின் அந்தப் பொந்துக்குள் டார்ச் அடித்தான். வெள்ளித் தகடு பளபளத்தது. குழாயைத் தொட்டுப் பார்ப்பதுதான் வழக்கம். அன்றைக்குப் போர்வையைத் தொட்டுப் பார்த்தான்.

'ஒரு நாள்தானே. நாளைக்குச் சாயங்காலம் கொண்டாந்து கட்டிடலாம். ஆளில்லாத வீடு, யாருக்கு என்ன குறை?'

கயிற்றில் ஷூவுக்குப் போடுகிற மாதிரி இரட்டைச் சுருக்கு. அவிழ்க்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மனசாட்சிக்குச் சமாதானமாக மாடியேறிப் போய் வீட்டின் சூட்டை இரண்டு டிகிரி கூட்டிவைத்துவிட்டு வந்தான். வீட்டைக் காக்கச் சாவி வாங்கினவன் செய்கிற காரியமா இது? ஆனால் அந்த நேரத்தில் அவன் காதில் டுவெய்னின் குரல் மட்டும்தான் கேட்டது.

சனிக்கிழமை கறி வெந்தது. வெந்தது என்று சும்மா சொன்னால் போதாது. ஏரி மேல் மூக்கு மயிர் உறைகிற குளிரில், புகையடுப்பின் சூடு காட்டுகிற முள் இருநூற்றைம்பதை விட்டு அசையவில்லை. போர்வையின் மேல் விழுந்த பனித்தூள் உருகாமலே கிடந்தது. அவ்வளவு சூடும் உள்ளேயே நின்றது. நாலு மணிக்கு மூடியைத் திறந்ததும் எழுந்த ஆவியைப் பார்த்து வரிசையில் நின்றவர்கள் கையுறைக் கையால் தட்டினார்கள். பாதிரியார் இரண்டாம் தடவை வந்தார். டுவெய்ன் மூன்றாம் தடவை வந்தான்.

"அடப்பாவி, நிஜமாவே வெந்துருக்குடா! எலும்பு கையோட வருது!"

"தின்னுட்டுப் பேசு."

"என்னத்தடா சுத்தின? ஏதோ ராக்கெட்டுக்குச் சுத்தற மாதிரி இருக்கு."

"இருந்துச்சு... ஒரு இடத்துல" என்றான் வெர்லின்.

அன்று சாயங்காலம் போர்வை திரும்பிப் போயிருக்க வேண்டும். ஆளாளுக்கு ஒரு பீர் வாங்கிக் கொடுத்தார்கள். ஞாயிறு காலை சர்ச்சில் கடைசி வரிசை வரைக்கும் வந்து கை குலுக்கினார்கள். மத்தியானம் டிவியில் கால்பந்தாட்டம். டார்லீன் "இன்னிக்கு வீடு பாக்கப் போகலையா?" என்று கேட்டதற்கு, "நாளைக்குப் போனாப் போச்சு" என்றான். போர்வை புழக்கடையில் புகையடுப்பின் மேலேயே கொழுப்பு படிந்து விறைத்துக் கிடந்தது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஆர்லிஸ் வீட்டுக் கதவைத் திறந்தபோதே தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

குழாய் வடக்குச் சுவரோரம், போர்வை இருந்த அதே இடத்தில், தண்ணீர் உறைந்து ஒரு சாண் நீளத்துக்கு வெடித்திருந்தது. பொந்து நிரம்பிச் சமையலறைத் தரை உப்பி நின்றது. தண்ணீர் போனதும் கொதிகலன் அணைந்து, மாடிக் குழாய்களும் ஒவ்வொன்றாக உறைந்து விரிசல் விட்டிருந்தன. வெர்லின் தெருவோர வால்வை மூடினான். பிறகு படிக்கட்டில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். போர்வை அவனுடைய பிக்கப் வண்டியில் இருந்தது. திருப்பிக் கட்டத்தான் எடுத்து வந்திருந்தான். அப்படியே வீட்டுக்குத் திருப்பி ஓட்டிப்போய், கொட்டகையில் விறகு அடுக்குக்குப் பின்னால் செருகினான். அதன் பிறகுதான் அரிசோனாவுக்குப் போன் செய்தான்.

பக்கத்து நகரமான ஃபார்கோவிலிருந்து ஆர்லிஸின் மகன் கர்ட் அன்றைக்கே வந்தான். காப்பீட்டுக் கம்பெனியில் வேலை. எதையும் போட்டோ எடுத்துத்தான் பார்ப்பான். பொந்துக்குள் குனிந்து பார்த்துவிட்டு எழுந்தான்.

"போர்வையே இல்லையே. அம்மா இந்த வருஷம் சுத்தவே இல்ல."

டார்ச் வெர்லின் கையில்தான் இருந்தது.

"போன்ல கேட்டா சத்தியம் பண்றாங்க, சுத்தினேன்னு. கோடையில அடுப்ப அணைக்காம சர்ச்சுக்குப் போனாங்க, தெரியுமா? எனக்கு அப்பவே சந்தேகம்."

"குளிர்... ரொம்ப ஜாஸ்தி" என்றான் வெர்லின்.

"நீங்க மட்டும் இன்னிக்கு வரலேன்னா வீடே போயிருக்கும், வெர்லின். உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் ஒரே ஒரு வாக்கியம். அவன் சொல்லவில்லை. ஊர் முழுக்க வெர்லின்தான் வீட்டைக் காப்பாற்றினான் என்று பேச்சு. தானியக் கிடங்கில் டுவெய்ன் தன் கையாலேயே அவனுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்து, "எங்க மாமனார் வீட்டுக்கும் உன்ன மாதிரி ஒருத்தன் இருந்திருக்கலாம்டா" என்றான். வெர்லின் அந்தக் காப்பியைக் குடிக்காமலே வைத்துவிட்டு எழுந்து வந்தான். இரவும் பகலும் தனக்குத்தானே கூனிக் குறுகிப்போனான். சாவிப் பலகைப் பக்கம் பார்க்காமலே கதவைத் திறந்து போக வரப் பழகினான்.

ஏப்ரலில் ஆர்லிஸ் வந்தார். வீட்டைப் பழுது பார்த்து முடித்திருந்தார்கள். வந்த இரண்டாம் நாளே எலுமிச்சை கேக் ஒரு தட்டு நிறைய எடுத்துக்கொண்டு வெர்லின் வீட்டுக் கதவைத் தட்டினார். ஆள் பாதியாகியிருந்தார். டார்லீன் காப்பி வைத்தாள்.

"உனக்கு நேர்ல நன்றி சொல்லணும்னு வந்தேன், வெர்லின்."

"ஐயோ, அதெல்லாம் எதுக்கு..."

"இரு, சொல்லிடறேன். கர்ட் சனிக்கிழமை வரான். வீட்ட விக்கறதுக்குக் கையெழுத்துப் போடணுமாம். ஃபார்கோவுல ஒரு இடம் பாத்திருக்கான், நர்ஸெல்லாம் இருப்பாங்களாம். நானும் சரின்னுட்டேன்."

"நீங்க எப்படி அந்த வீட்ட விட்டு..." என்றாள் டார்லீன்.

ஆர்லிஸ் தன் கைகளை மேஜை மேல் வைத்துப் பார்த்துக்கொண்டார். "போர்வைய நான் சுத்தினேன், டார்லீன். ரெண்டு சுத்து. கயித்தக் கட்டினது கண்ணு முன்னாடி நிக்குது. ஆனா அது அங்க இல்ல. கர்ட் போட்டோ காட்டறான். அப்போ என் கண்ணு முன்னாடி நிக்கறதெல்லாம் என்ன? ஓர்வில் சாகறதுக்கு முன்னாடி எங்கிட்ட பேசினது இருக்கே, அதையாவது நான் நம்பலாமா? என் மூளைய என்னாலயே நம்ப முடியல. அப்படி இருக்கறவ தனியா இருக்கக் கூடாதுதானே?"

வெர்லின் கையிலிருந்த கேக்கைத் தட்டில் திருப்பி வைத்தான். வீடு நனைந்தது ஒரு பாவம் என்றால், அந்தம்மாவின் தலைக்குள் புகுந்து தான் செய்துவைத்திருப்பது என்ன என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அப்போதும் அவன் வாயைத் திறக்கவில்லை. வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தான்.

டார்லீன் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். சத்தமே இல்லாமல் கழுவினாள். அதுவே அவனுக்குப் பயமாக இருந்தது.

"விறகுக்குப் பின்னாடி இருக்கு அது" என்றாள், திரும்பாமலே. "எனக்கும் மூக்கு இருக்கு, வெர்லின். ரெண்டு மாசமா நீயே சொல்லுவேன்னு பாத்துக்கிட்டிருக்கேன்."

"சொன்னா நான் இந்த ஊர்ல எப்படித் தலைநிமிர்ந்து..."

"இப்ப நிமிந்துதான் இருக்கியா?"

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வெர்லின் போர்வையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆர்லிஸ் வீட்டுச் சமையலறைக்குள் போனான். புது மரத்தின் வாசனையை முந்திக்கொண்டு கொழுப்பும் புகையும் அறையை நிறைத்தன. கர்ட் காகிதங்களைப் பரப்பிப் பேனாவின் மூடியைத் திறந்திருந்தான். வெர்லின் போர்வையைக் காகிதங்களின் மேலேயே வைத்தான்.

"நான்தான் எடுத்தேன். போட்டிக்கு முந்தின நாள். என் புகையடுப்புக்குச் சுத்த. மறுநாளே திருப்பி வெச்சிருக்கணும், வைக்கல. குழாய் வெடிச்சது என்னால. அன்னிக்கு டார்ச்சப் பிடிச்சுக்கிட்டு உங்க பக்கத்துலயே நின்னேன், கர்ட். சொல்லல."

கர்ட் முகம் சிவந்து எழுந்தான். "என்ன மனுஷன்யா நீங்க? எங்கம்மாவ நான் பைத்தியக்காரி ரேஞ்சுக்கு..."

"நீ உக்காரு" என்றார் ஆர்லிஸ்.

அவர் போர்வையைத் தன் பக்கம் இழுத்தார். கயிறு இன்னும் அதில்தான் சுற்றியிருந்தது. அதை விரலால் தடவினார்.

"அப்போ நான் சுத்தியிருந்தேன்."

"சுத்தியிருந்தீங்க."

"எத்தன சுத்து?"

"ரெண்டு. கயித்துல ஷூ முடிச்சு, இரட்டைச் சுருக்கு. கெட்டியா இருந்துச்சு. நான்தான் அவுத்தேன்."

"கர்ட்டப் பாத்துச் சொல்லு."

வெர்லின் கர்ட்டைப் பார்த்து, மறுபடியும் முதலிலிருந்து கடைசி வரைக்கும் சொன்னான். ஆர்லிஸ் அழுதார். திட்டியிருந்தால், அந்தப் போர்வையைத் தூக்கி மூஞ்சியில் அடித்திருந்தால் அவனுக்குத் தாங்கியிருக்கும். அவர் சந்தோஷத்தில் அழுதார். தன் புத்தி தன்னிடமே இருக்கிறது என்று தெரிந்து ஒரு மனுஷி இப்படி அழ வேண்டிய நிலைக்குக் கொண்டுவந்தவன் தான் என்பதை நின்று பார்ப்பதைவிடப் பெரிய வெட்கம் அவனுக்கு வாழ்க்கையில் வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கையை நீட்டினார். என்ன கேட்கிறார் என்று அவனுக்குத் தெரிந்தது. சாவியைக் கழற்றிக் கொடுத்தான்.

வீடு விற்கப்படவில்லை. பழுதுக்கு ஆனதை வெர்லின் ஏற்றுக்கொண்டான். அது பேச்சில்லாமல் முடிந்தது. அந்த ஊரில் யாரையும் முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள். காப்பி ஊற்றினார்கள், மழையைப் பற்றிப் பேசினார்கள். டுவெய்ன் மட்டும் கிண்டலை நிறுத்திவிட்டான். "கறி வெந்துச்சா" என்று ஒருத்தன் கேட்கமாட்டானா என்று வெர்லின் ஏங்கிப்போனான். அக்டோபர் வந்தது. சாவி கொடுக்க வேண்டியவர்கள் ஒவ்வொருவராக மரியாதையாகவே கழன்றுகொண்டார்கள். "இந்த வருஷம் மச்சான் பாத்துக்கறேன்னான்." "உனக்கெதுக்குச் சிரமம், வெர்லின்?" பதினொரு ஆணியும் மொட்டையாக நின்றன. பலகையைப் பிடுங்கிவிடலாம் என்றால் டார்லீன் விடவில்லை.

மாதக் கடைசியில் ஆர்லிஸ் போன் செய்தார். "நாளைக்குக் கிளம்பறேன். நீ வா. பழைய சட்டை போட்டுக்கிட்டு வா."

அவன் போனபோது அவர் பொந்து வாசலில் டார்ச்சோடு நின்றிருந்தார். தரையில் அதே போர்வை. எத்தனை தடவை வெயிலில் போட்டும் புகை வாசம் போகவில்லை.

"உள்ள போய்ச் சுத்து. நான் பாத்துக்கிட்டே இருக்கேன்."

வெர்லின் மண்டியிட்டுத் தவழ்ந்தான். இரண்டு சுற்றுச் சுற்றினான். கயிற்றை இரட்டைச் சுருக்காகக் கட்டி, இழுத்துப் பார்த்தான். டார்ச் வெளிச்சம் அவன் கைகளை விட்டு நகரவில்லை. வெளியே வந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு நின்றபோது, கேட்கக் கூடாது என்று நினைத்ததைக் கேட்டுவிட்டான்.

"சாவி யாருகிட்ட..."

"டுவெய்ன்கிட்ட குடுத்தாச்சு."

அவன் தலையாட்டினான். "வடக்குச் சுவரோரம் குழாயத் தொட்டுப் பாக்கணும்னு அவன்கிட்ட சொல்லிடுங்க. கண்ணால பாத்தாப் பத்தாது."

"நீயே சொல்லு." ஆர்லிஸ் டார்ச்சை அணைத்தார். "இப்போ சொல்லு, இந்த வருஷம் போர்வைய யாரு சுத்தினது?"

"நான்தான்."

"சரி. ரெண்டு பேருக்கும் ஞாபகம் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் பொந்தின் கதவைச் சாத்தினார்.